கப்பலை ஆட்டுகிறவர்

பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் அவர் உட்கார மாட்டார். நடுவில், கம்பியைப் பிடிக்காமல், கால்களைச் சற்று அகட்டி, முழங்காலை இளக்கிவிட்டு நிற்பார். பார்வை முழுக்க மேலே வரிசையாகத் தொங்கும் கைப்பிடிகளின் மேல்தான். வண்டி வளைவில் திரும்பும்போது அவை ஒரு பக்கமாக ஒதுங்கி, திரும்பி வரக் கொஞ்சம் தாமதிக்கும். அந்தத் தாமதத்தைப் பார்த்துத் தனக்குத் தானே தலையாட்டிக்கொள்வார். "உக்காருங்கம்மா, விழுந்துடப் போறீங்க" என்று நடத்துனர் சொன்னால், "நான் விழமாட்டேன் தம்பி. மத்தவங்களை விழவைக்கிறதுதான் என் பொழப்பு" என்பார். அதற்குப் பிறகு நடத்துனர் அந்தப் பக்கம் வருவதில்லை.

பொய்யில்லை, அதுதான் பிழைப்பு. படப்பிடிப்புத் தளத்தில் கப்பல் ஆட்டுகிறார். புயலில் சிக்கிய கப்பலில் கதாநாயகி கதவைத் திறக்க முடியாமல் சுவரில் மோதுகிறாளே, வில்லன் துப்பாக்கியோடு மாடிப்படியில் உருளுகிறானே, அதெல்லாம் இவர் கையசைப்பில் நடந்தவை. தளத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கேப்டன் அக்கா என்றால்தான் தெரியும். அந்தப் பட்டத்தை அவர் மறுத்ததும் இல்லை. மறுப்பானேன்? "எத்தனை கப்பல் கவுத்திருக்கேன், ஒரு ஆள் செத்ததில்ல. எந்தக் கேப்டன் இப்படிச் சொல்லுவான்?" என்று கேட்பார்.

வேலை இப்படி. கப்பலின் அறையைத் தச்சர்கள் பெரிய பலகை மேடை ஒன்றின் மேல் கட்டுவார்கள். மேடைக்கு அடியில் நடுவே ஓர் இரும்பு உருளை, இரண்டு ஓரங்களிலும் பழைய லாரி டயர்கள். பக்கத்துக்கு ஒரு கூட்டம் ஆட்கள் நீளக் கம்பங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் எழும்பும். அறைக்கு மூன்று சுவர்தான். நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் கேமரா நிற்கும், அதற்குப் பக்கத்தில் கேப்டன் நிற்பார். வசனம் பதிவாகும்போது சத்தம் போட முடியாது. எனவே எல்லாம் உள்ளங்கையில்தான். கை இறங்கினால் அழுத்து, ஏறினால் விடு. எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு பெரிய அலை.

புதிதாக வரும் ஆட்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தாளம் தப்பாமல் ஆட்டுவார்கள். கேப்டனுக்கு வரும் கோபத்தை அப்போது பார்க்க வேண்டும். "தொட்டில் ஆட்டாதீங்கப்பா. தொட்டில் ஆட்டுனா படம் பாக்கறவன் தூங்கிடுவான். ஒண்ணு பெருசா வந்தா அடுத்தது சிறுசா வரணும். அதுக்கடுத்தது வருமா வராதான்னு வயித்தைப் பிசையணும்."

திரையரங்கில் அவருக்குப் பக்கத்தில் உட்காருவது பெரும்பாடு. கப்பலின் மேல்தளத்தில் காதலர்கள் கட்டிப்பிடித்து அழ, அரங்கமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும். கேப்டனின் கண் பின்னால் தொங்கும் விளக்கை விட்டு நகராது. உண்மையிலேயே அறையைச் சாய்த்தால் சுவர் சாயும், விளக்கு நேராகத் தொங்கும். அறையைச் சும்மா வைத்துக் கேமராவை மட்டும் சாய்த்தால் விளக்கும் சுவரோடு சேர்ந்தே சாய்ந்துவிடும். அப்படி ஒரு காட்சி வந்தால் போதும். "கள்ள அலை" என்று உரக்கச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார்.

வாடகை நூலகத்தில் கப்பல் நாவல் எது வந்தாலும் முதலில் இவருக்குத்தான் எடுத்து வைப்பார்கள். கதை எப்படிப் போனால் என்ன, புயல் வரும் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார். காதலைத் தள்ளிவிடுவார். ஒரு நாவலில் கடைசிவரை புயலே வரவில்லை. மறுநாள் காலையில் புத்தகத்தை நூலகர் மேசையில் பொத்தென்று வைத்தார். "இவ்வளவு பெரிய கப்பல்ல ஏத்திட்டு ஒரு அலைகூட அடிக்கல. லவ் பண்றதுக்கு எதுக்குங்க கப்பல்? பூங்கா பெஞ்சு போதாதா?"

இப்படிப்பட்டவர் நிஜக் கப்பலில் ஒருமுறைகூட ஏறியதில்லை என்பதுதான் வேடிக்கை. வாய்ப்பில்லாமல் இல்லை. அவருடைய வீட்டுக்காரர் உல்லாசக் கப்பல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவர். வருஷத்தில் பெரும்பகுதி கடலில்தான். குடும்பத்தோடு ஒரு பயணம் போக அந்தக் கப்பல்காரர்கள் சலுகை தருகிறார்கள். ஒவ்வொரு விடுமுறையிலும் அவர் கூப்பிடுவார், இவர் வேலை இருக்கிறது என்பார். உண்மைக் காரணத்தைத் தோழி ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். "ஏறிப் பாத்து, நான் ஆட்டுனதெல்லாம் தப்புன்னு தெரிஞ்சிட்டா? அப்புறம் எந்த மூஞ்சியோட கையைத் தூக்குவேன்?"

அந்தப் பயத்துக்கு விதை போட்டவரும் வீட்டுக்காரர்தான். விடுமுறையில் வரும்போதெல்லாம் மனைவியின் படத்தை ஆசையாகப் போய்ப் பார்ப்பார். வெளியே வந்ததும் அரைத்த மாவையே அரைப்பார். "நல்லாத்தான் ஆட்டிருக்க. ஆனா அது கப்பல் இல்லம்மா." ஏன் இல்லை என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. "இல்ல, அவ்வளவுதான்." தங்கமான மனுஷர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தலைகீழாக நின்றாலும் இறங்கி வர மாட்டார். ஊரே பாராட்டுகிறது, இயக்குநர்கள் தேதி கேட்டுக் காத்திருக்கிறார்கள். ஆனால் கேப்டனுக்கு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. கணவர் சொல்லிவிட்டாரே என்று அல்ல. சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் சொல்லிவிட்டாரே என்று.

அண்மையில் ஒரு பெரிய படம். கப்பலின் சாப்பாட்டுக் கூடம், நீளமான மேசைகள், வெள்ளை விரிப்பு, அடுக்கடுக்காகத் தட்டுகள். புயல் வந்து அத்தனை தட்டும் சரிந்து நொறுங்க வேண்டும். தட்டைத் தாங்கி நடக்கத் தெரிந்த துணை நடிகர்கள் போதவில்லை. வீட்டுக்காரர் விடுமுறையில் வந்திருப்பது எப்படியோ தயாரிப்பு நிர்வாகி காதுக்கு எட்டிவிட்டது. "ஒரு நாள் நானும் நடிச்சிட்டு வரேனே" என்று அவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கம்பம் பிடிக்கிறவர்களுக்கு அன்று கொண்டாட்டம். "அக்கா, மாமாவைத் தூக்கி வீசிடலாமா?"

"வீசுனா சிரிச்சிக்கிட்டே எழுந்து வருவாரு. வேணாம். காலுக்குக் கீழ பலகை இருக்குன்னு அவரு மறக்கணும்."

ஒத்திகையில் பெரிய அலைகளாகவே போட்டார்கள். மற்றவர்கள் தடுமாறினார்கள். அவர் கையில் தட்டோடு பூங்காவில் நடப்பதுபோல நடந்தார். போதாக்குறைக்கு மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். கேப்டனின் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றவர், நேரே இயக்குநரிடம் போனார்.

"சார், நீங்க ஆக்‌ஷன்னு சொன்னதும் கடல் கிளம்புது. கடலுக்கு எப்படி சார் உங்க குரல் கேக்கும்? முன்னாடியே ஆரம்பிச்சிடறேன். நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க."

இயக்குநர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மேலே நடிகர்கள் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டனின் உள்ளங்கை கண்ணுக்குத் தெரியாத அளவு இறங்கி ஏறியது. மேடை அசைகிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. பிறகு துளி கூடியது. ஒன்று வந்தது, அடுத்தது வராமல் ஏமாற்றியது, பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் வந்தன. "அக்கா, தோள் கழண்டுடும் போல இருக்கு" என்று ஒருவர் முனகினார். "கழண்டா நான் மாட்டித் தரேன். விடாதே" என்றார் கேப்டன், கையை நிறுத்தாமல்.

மேலே வீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதை நடுவிலேயே அவருடைய கால்கள் தாமாக அகன்றன. முழங்கால் இளகியது. பேச்சை நிறுத்தினார். மேசையிலிருந்த தண்ணீர் ஜாடியை எடுத்து விரிப்பின் மேல் ஊற்றினார். உள்ளங்கையால் தேய்த்துத் துணி முழுக்கப் பரப்பினார். தட்டுகளை ஒவ்வொன்றாக அந்த ஈரத்தின் மேல் அழுத்தி வைத்தார்.

கலை உதவியாளர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணே, என்ன பண்றீங்க? துணியெல்லாம் போச்சே."

"அலை எழும்புது தம்பி. விரிப்பு ஈரமா இருந்தாத்தான் தட்டு வழுக்காது. அடுத்த மேசையை நனை, சீக்கிரம்."

"தட்டு விழணும் அண்ணே, அதுதான் சீனு."

"விழ விடுவாங்களா? சாப்பிட ஆள் வர்ற நேரம்" என்றபடி அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்து, அங்கேயும் ஜாடியைச் சாய்த்தார்.

தளத்தில் யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாய்த்த ஜாடியை நிமிர்த்திக்கொண்டு, இன்னொரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சுவரில்லாத பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"அக்கா, நிறுத்திடலாமா?" என்று கம்பத்தருகிலிருந்து ஒரு குரல் வந்தது.

கேப்டன் பெருமையோடு, கணவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், உள்ளங்கையை இன்னும் ஒரு சாண் கீழே இறக்கினார்.