இரண்டு பட்டம், இரண்டு வரைவு

என் மகள் ஆவடியில் ஓர் அரசு நிறுவனத்தில் பொறியாளர். நிரந்தர வேலை. அண்மையில் அவளுக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. வணிக நிர்வாகம், பொதுக் கொள்கை என்று இரண்டு முதுகலைப் பட்டங்களும் சேர்ந்த மூன்றாண்டுப் படிப்பு. படிப்பு விடுப்போ இரண்டாண்டுதான் தருவார்கள். ஈட்டிய விடுப்பைச் சேர்த்துப் போட்டாலும் மாதங்கள் துண்டு விழுந்தன. அரசு அலுவலகத்தில் விடுப்பு விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். சந்து பொந்தெல்லாம் தேடியும் வழியில்லை. ஒரு பட்டத்தை விட வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

பட்டாபிராமில் எங்கள் குடியிருப்பு வாசலில் இஸ்திரி போடும் பெண்மணிக்கு அதற்குள் சேதி எட்டிவிட்டது.

“இன்னாம்மா, பொண்ணு வேலைய உட்டுட்டுப் படிக்கப் போவுதாமே! ரெண்டு படிப்பு எதுக்கு? ஒண்ணு ஊத்திக்கிச்சின்னா இன்னொண்ணு கீதுன்னா?”

எனக்கும் அதே சந்தேகம்தான். மகளிடம் கொஞ்சம் கௌரவமாகக் கேட்டேன், அவ்வளவே. பாடத்திட்டத்தைக் காட்டினாள். அதில் ஒரு பயிற்சி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரே பிரச்சினைக்கு மாணவர் இரண்டு குறிப்புகள் எழுத வேண்டும். ஒன்று நிறுவனத்தை நடத்துகிறவருக்கு, மற்றது ஊரை நடத்துகிறவருக்கு. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கலாம்.

“இதுக்கா பட்டம்? நாங்க தினம் பண்ணதுடீ.”

மேலதிகாரியின் மனம் தெரியாத கோப்புகளில் ‘ஏற்கலாம்’ என்று ஒரு வரைவும் ‘ஏற்க இயலாது’ என்று ஒரு வரைவும் வைத்து அனுப்புவோம். அவர் ஒன்றில் கையெழுத்துப் போடுவார். இரண்டிலும் பழுது இருக்காது. அது எங்கள் பெருமை.

“அப்போ எனக்கும் ரெண்டு எழுதிக் கொடு. வேலைய விடலாம்னு ஒண்ணு, கூடாதுன்னு ஒண்ணு.”

‘கூடாது’ காபி ஆறுவதற்குள் முடிந்தது. வீட்டுக் கடன், மருத்துவ வசதி, பதவி உயர்வு எல்லாம் தாமாகவே வந்து பத்தி பத்தியாக உட்கார்ந்தன. ‘விடலாம்’ முதல் வரியிலேயே நின்றது. காரணம் வேண்டுமே. அவளிடமே போனேன்.

“எதுக்கு ரெண்டும்?”

“எங்க நிறுவனத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் பெண்கள் வர்ற பஸ்ஸ நிறுத்தினாங்கல்ல? நஷ்டம்னு கணக்குப் போட்டது நான். கணக்கு சரிம்மா. ஆனா பாதிப் பேர் வேலைய விட்டுட்டாங்க. அவங்க வீட்ல என்ன ஆகும்ங்கிறது என் கணக்குல எங்கயும் வரல. எப்படிக் கொண்டுவர்றதுன்னும் தெரியல.”

“அப்போ கொள்கை மட்டும் படியேன்.”

“பஸ்ஸுக்குக் காசு எங்கேன்னு கேப்பாங்க. அதுக்கும் பதில் தெரியணுமில்ல?”

அதை அப்படியே எழுதினேன். அலுவலக நடைக்கு ஒட்டவில்லை; மாற்றவும் இல்லை.

மறுநாள் இரண்டையும் படித்தாள்.

“நீ எதுல கையெழுத்துப் போடுவ?”

“கையெழுத்து அதிகாரியோடது.”

“நழுவாதம்மா.”

பணிக்காலம் முழுவதும் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் என்று ஒன்று என்னிடம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. இருந்தது.

“ராஜினாமாவுக்கு மூணு மாசம் முன்னறிவிப்பு வேணும். இன்னிக்கே கொடுத்தாத்தான் வகுப்பு ஆரம்பிக்கறதுக்குள்ள விடுவிப்பாங்க.”

“போடின்னு ஒரே வார்த்தைல சொன்னா என்னவாம்?”

“முறைன்னு ஒண்ணு இருக்கு.”

சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தாள். ராஜினாமாவை நிறுவனத் தலைவருக்கே நேராக எழுதத் தொடங்கினாள். மேலதிகாரிகள் ஒவ்வொருவர் வழியாகவும் போவதற்கு நாங்கள் தவறாமல் போடும் ‘உரிய வழியாக’ என்ற வரியைப் போடவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.