சிவப்பு ஸ்டிக்கரை ஒழித்த டாக்டர்

அரசு ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் அந்த டாக்டரம்மாவுக்கு ‘மனு டாக்டர்’ என்று பெயர். வைத்தவர்கள் நர்சுகள், முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் சொல்வார்கள். பத்தொன்பது வருடத்தில் அந்த அம்மாள் எழுதிய மருந்துச் சீட்டைவிட மேலிடத்துக்கு எழுதிய மனுதான் அதிகம் என்று கேலி. ஸ்கேன் மெஷின் ரிப்பேரானால் மனு. சதைப் பரிசோதனை முடிவு ஒரு மாதம் இழுத்தால் மனு. முக்கால்வாசி கிணற்றில் போட்ட கல். சாப்பாட்டு மேசையிலும் பேனாவைத் திறந்தால் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய்விடுவார்.

ஒரே ஒரு மனுதான் முழுசாக ஜெயித்தது. அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலில் அவசரமானவர்களின் ஃபைலுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். நல்ல வழக்கம்தான், கெட்டுப்போகிறவரை. கொஞ்ச நாளில் யாருக்கு யாரைத் தெரியுமோ அவருக்கெல்லாம் சிவப்பு. யாரையும் தெரியாத ஏழைகள் பெஞ்சிலேயே உட்கார்ந்து நோய் முற்றிப்போனார்கள். டாக்டரம்மா இரண்டு வருடம் ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் உத்தரவு வந்தது. ஸ்டிக்கர் கிடையாது. பதிவான தேதிதான் வரிசை. பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டும். இடத்தை விட்டுக்கொடுக்கவும் கூடாது, ஏனென்றால் இடத்தை விற்கவும் ஆட்கள் இருந்தார்கள். உத்தரவின் ஒவ்வொரு வரியும் அவர் எழுதிக்கொடுத்தது.

அப்போதே இளைய சர்ஜன் தயங்கித் தயங்கிச் சொன்னார். “நிஜமாவே அவசரம்னு வந்தா? ஒரு சின்னக் கதவாவது வெச்சிடலாமே மேடம்.”

“கதவு வெச்சா அது வழியா யார் வருவாங்கன்னு உனக்குத் தெரியாதாப்பா?”

சர்ஜனுக்குத் தெரியும்.

எட்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. டாக்டரம்மாவும் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடந்தார், பொய் சொல்வானேன். அப்புறம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன் ஒருவன் வந்தான். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. துணைக்கு வந்த அக்கா துணி ஃபாக்டரியில் தையல் வேலை செய்பவள். ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கிக்கொண்டுதான் லீவு போடுவாள். அவன் நாக்கின் ஓரத்தில் ஒரு புண். டார்ச் அடித்துப் பார்த்ததுமே டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, புற்றுநோய். வேகமாகப் பரவுகிற ஜாதி. உடனே வெட்டி எடுத்தால் பிழைப்பான். பட்டியலில் அவன் நாற்பத்தேழாவது ஆள். பத்து வாரம்.

டாக்டரம்மா பட்டியல் குமாஸ்தாவிடம் போனார். அவர் உத்தரவை எடுத்து மேசையில் வைத்தார். மெதுவாக வளர்கிற கட்டியோடு ஆறாவது இடத்தில் இருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார், தம்பி முதலில் போகட்டும் என்று தாமாகவே சொன்னார். மனுஷன் என்றால் அவர் மனுஷன். ஆனால் இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாதே. விதியைத் திருத்தச் சொல்லி டாக்டரம்மா மறுபடி மனு எழுதினார். கமிட்டி கூடும்போது பார்க்கலாம் என்றார்கள். கமிட்டி ஒருதரம் கூடவில்லை. மறுதரம் கூடி, இந்த விதியால் புகார்கள் குறைந்திருப்பதாகப் பாராட்டிவிட்டுக் கலைந்தது. சூப்பரின்டெண்டென்ட் அறைக்கு நாலு தரம் நடந்தார். நாலாவது தரம் அழுதேவிட்டார். இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு போன் போட்டார். அங்கே வரிசை இதைவிட நீளம். தனியார் பக்கம் அந்தக் குடும்பம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

வாரா வாரம் அவன் வந்தான். மூன்றாம் வாரம் பேச்சு குழறியது. ஆறாம் வாரம் கஞ்சி மட்டும். வேன் ஓட்டுவதை எட்டாம் வாரம் விட்டான். ஒருநாள்கூட டாக்டரம்மாவைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பார்.

பத்தாம் வாரம் அவன் முறை வந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்த சர்ஜனின் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. கழுத்துக்குப் பரவிய கட்டி பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி இறுகியிருந்தது. ஸ்கேனும் அதையே சொன்னது. இனி கத்தி வைக்க முடியாது. சொல்லவேண்டியவர் டாக்டரம்மா.

அக்காவையும் தம்பியையும் தன் அறையில் உட்கார வைத்தார். எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகியவர்தான். ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளத் தனி வார்டு இருக்கிறது என்று எப்படியோ சொல்லி முடித்தார். தான் எழுதிக்கொடுத்த விதியால்தான் என்பதை மட்டும் சொல்ல முடியவில்லை.

வேன்காரன் வீங்கிய நாக்கைப் புரட்டிப் புரட்டிக் கேட்டான். “அந்த வார்டுக்கும் வரிசை இருக்கா டாக்டர்?”

“இல்லப்பா. எப்ப வேணா வரலாம். வந்த உடனே பார்ப்பாங்க.”

அவன் முகம் தெளிந்தது. அக்கா பக்கம் திரும்பினான். “பார்த்தியாக்கா, இனிமே நீ லீவு போட்டுட்டு வந்து காத்துக் கெடக்க வேணாம்.”

அது எந்த மாதிரி வார்டு என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவன் பார்க்காதபடி மேசைக்கு அடியில் டாக்டரம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.