காற்றுக்கு மார்க் போடுகிறவர்

ஊரே வானத்தைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருக்க, இந்த அம்மாள் மட்டும் மூட்டு வலிக்கு ஒரு முனகலைக் கொடுத்துவிட்டு, கூரை போன வீட்டின் மூலையில் குந்திப் பழைய பல் பிரஷ்ஷால் அஸ்திவாரத்துச் சேற்றைத் தேய்க்கிறார். "கொஞ்சம் மேல பாருங்க மேடம்" என்று கெஞ்சுகிறார் வீட்டுக்காரர்.

"மேல பாத்து என்னங்க பண்றது? அதுதான் போயிடுச்சே!"

சுழற்காற்று அடித்த ஊர்களில் சேதம் பார்ப்பது அவர் வேலை. அடிக்கும்போது பக்கத்தில் நின்று அளக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஓய்ந்தபின் எது பிய்ந்தது, எது நின்றது, மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று பார்த்துக் காற்றின் வேகத்தைக் கணித்து, பூச்சியத்திலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் கொடுக்க வேண்டும். அதனால் போகிற இடமெல்லாம் 'மார்க் டீச்சர்' என்று பெயர் விழுந்துவிடுகிறது. அந்த மார்க் விஷயத்தில் டீச்சர் மகா கஞ்சம்.

வேடிக்கை என்னவென்றால், அடி வாங்கிய ஊருக்குத் தன்னை அடித்தது சாமானியக் காற்று இல்லை என்று ஆக வேண்டும். "ஒண்ணுதானா? என் கோழிக் கொட்டகை ஆத்தைத் தாண்டிப் போயிடுச்சு மேடம்!" என்று சண்டைக்கு வந்தார் ஒரு கோழிப் பண்ணைக்காரர்.

"உங்க கொட்டகை பறக்கக் காத்தே வேணாங்க, யாராவது நல்லாத் தும்மினா போதும். எல்லாம் சின்ன ஆணி."

பண்ணைக்காரர் முறைத்தார். அவர் மனைவி மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

டீச்சர் தலையில், தாடைக்கடியில் ஷூ லேஸால் கட்டிய தொப்பி. சட்டையின் ஒரு பையில் பல் பிரஷ், இன்னொன்றில் கைப்பிடிக்குச் சிவப்பு டேப் சுற்றிய ஸ்பேனர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூடவே வருகிற ஸ்பேனர் அது, கைமாற்றாகக்கூடத் தரமாட்டார். குழாயை முடுக்க ஒருமுறை கணவர் எடுத்துவிட்டதற்கு வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை முறிந்துபோனது.

ஊர்க்கோடியில் ஒரு மரவீடு இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. சாலையில் ஒருவர் நின்றார், உள்ளே வரவில்லை. ஊர்த் தச்சர். வீடு அவர் தங்கையுடையது, கட்டியவர் அவர். சுவர் சரிந்து இடுப்பெலும்பு முறிந்து தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தச்சர் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

"எல்லாரும் காத்து, காத்துங்கறாங்க" என்றார். "மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு அவசர அவசரமாக் கட்டினேன் மேடம். மேற்குப் பக்கத்து அஸ்திவார நட்டையெல்லாம் முடுக்கினேனா இல்லையான்னு ஞாபகமே வரல. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவளைப் போய்ப் பாக்கறது?"

"நான் பாத்ததைத்தான் சொல்லுவேன்."

"அதுக்குத்தான் நிக்கறேன்."

வாய்க்கு வந்த ஆறுதலைச் சொல்லிவிட்டுப் போகத் தெரியாதவர் டீச்சர். நட்டு தளர்ந்திருந்தால், தளர்ந்திருக்கிறது என்று இந்த மனிதரின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியாக வேண்டும். மேற்கு மூலையில் குந்திப் பிரஷ்ஷை எடுத்தார்.

சேறு விலகியது. அஸ்திவாரத்தோடு சுவரைப் பிணைக்கும் அடிக்கட்டை அசையாமல் கிடந்தது. அதன்மேல் வரிசையாகப் போல்ட்டுகள், வாஷரும் நட்டுமாக. சுவரைத் தாங்கும் மரக்கால்கள் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போகவில்லை; கட்டையிலேயே பதிந்து நின்று, ஒரு விரல் உயரத்தில் முறிந்திருந்தன. டீச்சர் இரண்டு முறை அந்தப் பக்கம் முழுக்க ஊர்ந்து பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"இங்க வாங்க."

தச்சர் வந்தார். டீச்சர் ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தார்.

"கழட்டுங்க, பாப்போம்."

தச்சர் முழங்காலிட்டு முதல் நட்டில் மாட்டி இழுத்தார். அசையவில்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டார். கை வழுக்கி விரல்முட்டி சிராய்ந்ததுதான் மிச்சம். கடைசி நட்டையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது.

"உங்க வேலை நின்னிருக்கு. மரம்தான் தாங்கல" என்றார் டீச்சர். "இந்த இடத்துக் காத்துக்கு நாலு. ஊர்ல வேற எங்கயும் ரெண்டைத் தாண்டல."

மார்க்கையெல்லாம் கேட்கத் தச்சர் அங்கே இல்லை. சாலைக்கு ஓடி, வந்த வேனைக் கை காட்டி நிறுத்தி, "ஆஸ்பத்திரி வழியாப் போவுமா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். காட்டிய கையில் சிவப்பு டேப் தெரிந்தது.

"ஏங்க, என்—" என்று எழுந்த டீச்சர், பாதியில் வாயை மூடிக்கொண்டார். வேன் திரும்பி மறையும்வரை பார்த்துவிட்டு, அடுத்த வீட்டு மூலைக்குப் போய்க் குந்தி, முதல் நட்டை வெறும் விரலால் திருகிப் பார்த்தார்.