எட்டாத குதிரைகள்

வாழ்நாளில் நான் தலைமை தாங்கிய ஒரே படை என் சுண்டுவிரல் உயரம்தான் இருந்தது. ஈயத்தில் வார்த்த ஈட்டிக்காரர்கள். கப்பலில் வேலை செய்த மாமா லீவில் கரவெட்டிக்கு வந்தபோது எனக்கு அவர்களையும், அக்காவுக்குக் குதிரைக்காரர்களையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசைதான் போர்க்களம். கவிழ்த்து வைத்த சிரட்டைதான் மலை. அதைக் கடைசியில் பிடித்திருப்பவர் வென்றவர். வென்றவரிடமே பெட்டி இருக்கும். தோற்றவர் கேட்டுத்தான் தொடலாம். அக்காவிடம் கேட்டுத் தொடுவதைவிடப் பெரிய அவமானம் உலகத்தில் இருப்பதாக எனக்கு அப்போது தெரியாது.

நெல்லியடிச் சந்தையால் வந்த அம்மா மேசையைப் பார்த்தார். "வெளியிலை நடக்கிற சண்டை காணாதெண்டே வீட்டுக்குள்ளையும் துவங்கியிருக்கிறியள்?"

"இது சட்டம் உள்ள சண்டை, தங்கச்சி," என்றார் மாமா.

பெட்டியோடு வந்த சட்டப் புத்தகம் சொன்னது இதுதான். பாய்வதென்றால் முதலில் வாயால் சொல்லவேண்டும். அளந்து பார்த்துவிட்டுச் சொல்லக்கூடாது. எதிராளி நிற்பதா ஓடுவதா என்று சொல்லவேண்டும். அதன்பிறகே மாமா ஈர்க்கை வைத்து அளப்பார். ஓர் ஈர்க்கு நீளம் குதிரையின் பாய்ச்சல். குதிரையின் அடித்தட்டு ஈட்டிக்காரனின் அடித்தட்டில் முட்டினால் சண்டை. முட்டாமல் இடையில் நின்றுபோனால், குத்துகிற முறை ஈட்டிக்காரனுக்கு.

என் படை மலையடியில் நின்றது. அக்கா பின்னலை முதுகுக்குத் தள்ளிவிட்டு, மேசையைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சொன்னாள்:

"என்ரை குதிரைக்காரர் எல்லாரும் பாயினம்."

"நிக்கிறியோ, ஓடுறியோ, மருமகன்?"

"பொறுங்கோ மாமா, யோசிக்கிறன்."

"வடிவா யோசி. குதிரை அதுவரைக்கும் புல்லுத் திண்டுகொண்டு நிக்கும்," என்றாள் அக்கா.

ஈயக் குதிரைகள்தான். ஆனால் குளம்புச் சத்தம் எனக்குக் கேட்டது. குதிரைகளின் சூடான மூச்சுக்கூட முகத்தில் பட்டது. அது மேசைக்கு மேலால் குனிந்து நின்ற அக்காவின் மூச்சு என்பதை யோசிக்க நேரமில்லை.

"ஓடுறன்!"

ஓடும் படையை மாமாதான் சட்டப்படி பின்னுக்கு நகர்த்தவேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஈட்டிக்காரரை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போனவன், குசினி வாசலில் நின்றுதான் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் துரத்தி வரவில்லை. மாமா ஆற அமர ஈர்க்கை வைத்தார். நுனி இரண்டு விரல் குறைவாக நின்றது.

"எட்டேல்லையடா! நிண்டிருந்தால் எல்லாரையும் குத்தி விழுத்தியிருப்பாய்."

"அப்ப திருப்பி வைக்கிறன், மாமா."

"மேசையை விட்டு இறங்கின படை பிறகு ஏறேலாது."

அடுத்த முறையில் அக்காவின் குதிரைகள் கோயிலுக்குப் போவதுபோல நடந்துபோய்ச் சிரட்டையில் ஏறின.

"பிழையாச் சொன்னவ எப்பிடி வெல்லுறது?" என்று அழுதேன். மாமா சட்டப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். புத்தகம் குலுங்கியது.

அடுத்த நாள் பின்னேரமும் விளையாடினோம். அக்கா இன்னும் தூரத்திலிருந்தே பாய்கிறேன் என்றாள். நான் இன்னும் வேகமாக ஓடினேன். இந்தமுறை ஈர்க்கு ஒரு சாண் குறைந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாடியபடியே போன அக்காவைப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. நேரே அம்மாவிடம் போனேன்.

"அம்மா, அக்காவுக்குக் கண் வடிவாத் தெரியேல்லை. கிட்ட எது, தூர எது எண்டு விளங்குதில்லை. பாவம், ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கோ."