இரண்டு தரம் அவித்த நண்டு

“மரபணுப் பெருக்கச் சோதனை கிருமியைக் காட்டினால், அது வளர்ப்புத் தட்டில் உயிரோடு வளர்வதைக் கண்ட பின்னரே அறிக்கையில் ஒப்பமிடல் வேண்டும்.”

இந்த விதியை எங்கள் உணவு ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியவன் நான். மீறியவனும் நானே!

உங்களுக்கு அந்தச் சோதனையைச் சொல்ல வேண்டும். விரல் நுனியளவு குழாய். அதைச் சூடாக்கி, ஆற்றி, மீண்டும் சூடாக்குவார்கள். கிருமியின் மரபிழை ஒன்றே ஒன்று உள்ளே கிடந்தாலும் அது இரண்டாகும், நான்காகும், கோடியாகும்... திரையில் ஒரு பச்சைக் கோடு, பெருக்கு நேரத்தில் கடல் எழும்புவது போல மெல்ல எழும்பும். அழகு! ஆனால் அந்த இயந்திரத்துக்கு ஒன்று தெரியாது. இழை உயிருள்ள கிருமியுடையதா, கொதிநீரில் செத்ததுடையதா என்று அதனால் சொல்ல முடியாது.

இயந்திரத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நெடுந்தீவு ரீத்தம்மாவின் நண்டு அவிக்கும் கொட்டிலிலிருந்து வந்த நண்டுச் சதையில் பச்சைக் கோடு எழுந்தது. வளர்ப்புத் தட்டுக்கு ஐந்து நாள் தேவை. ஐந்தாம் நாள் நான் இளைப்பாறும் நாள், எனக்குப் பிரியாவிடை. பொறுத்திருக்கலாம்... பொறுக்கவில்லை. புதிய இயந்திரத்தின் முதற் பிடிப்பில் என் ஒப்பம் இருக்க வேண்டும், பிரியாவிடைப் பேச்சுகளில் அது வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அன்றே ஒப்பமிட்டேன். மறுநாள் கொட்டிலுக்கு முத்திரை வைத்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை தட்டுகளைப் பார்த்தேன். ஒன்றும் வளரவில்லை. முடிவை ஒரு தாளில் எழுதினேன். பிறகு மாலை போட்டார்கள், வாழ்த்துமடல் வாசித்தார்கள், “தீவகத்தைக் காத்தவர்” என்றார்கள். தாள் வாழ்த்துமடலுக்குள் மடிந்து என்னோடு வீட்டுக்கு வந்தது. நான் மடித்தேனா, தானாக மடிந்ததா? இந்த வயதில் உங்களிடம் பொய் சொல்லி என்ன பயன்... நான்தான் மடித்தேன்!

ஒரு மாதம் கழித்து, மண்கும்பானில் என் வீட்டு வாசலில் பஸ்சை நிற்பாட்டி ஒரு பெண் இறங்கினாள். கையில் மூடிய வாளி.

“ஐயா, எல்லா விதியும் உங்களுக்குத்தான் தெரியும் எண்டு சொல்லிச்சினம். எனக்கு ஒரு மனு எழுதித் தாங்கோ. நான் ரெண்டு தரம் அவிக்கிறனான் ஐயா. சனத்துக்கு ஒருக்கா, போட்டுக்கு ஒருக்கா.”

நெடுந்தீவில் அப்படித்தான். குறிகட்டுவானுக்கு வரும் படகு எப்போது வெளிக்கிடும் என்பதைக் காற்றுத்தான் முடிவு செய்யும். ஆகவே அவித்த நண்டைப் படகேற்றுமுன் இன்னொரு முறை கொதிக்க வைப்பார்கள். இரண்டு தரம் செத்த கிருமிகளைத்தான் நான் பிடித்திருந்தேன்!

ரீத்தம்மாதான் அவள். கையில் இருந்த முத்திரைக் கட்டளையில் வேறோர் அதிகாரியின் பெயர். அறிக்கையில் ஒப்பமிட்டவன் நான் என்று அவளுக்குத் தெரியாது.

மனு எழுதினேன். அருமையான மனு! பிரிவு, உட்பிரிவு, மேற்கோள் எல்லாம் இருந்தன. அவளை விடுவிக்கக்கூடிய ஒரே தாளை மட்டும் இணைக்கவில்லை. பதில் வருவதற்கு என் முகவரியைக் கொடுத்தேன். பிறகு இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு முறையும் வாளி வந்தது.

“பயமில்லையோ ஐயா? கிருமி நண்டெல்லோ!” என்று சிரிப்பாள்.

“வயசு போட்டுது, இனி என்ன பயம்?” என்பேன். ஓடு உடைத்து, உறிஞ்சி, விரல் நக்கித் தின்றேன்... இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமா உங்களுக்கு? நஞ்சில்லை என்று நாக்குக்குத் தெரிந்திருந்தது. பேனாவுக்குத்தான் தெரியவில்லை.

மதியத் தூக்கங்களில் ஒரு காட்சி வரும். ஆழமில்லாத கடலில் நான் நடக்கிறேன். நண்டுகள் குழாய்களுக்குள்ளிருந்து வரிசையாக இறங்கிவருகின்றன. சிவந்தவை, வெந்தவை... ஆனாலும் நடக்கின்றன. ஒன்றும் கேட்பதில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

புரட்டாதியில் அவள் வாளியில்லாமல் வந்தாள்.

“மாரிக்கு முந்திப் பதில் வராட்டில் நண்டு அவிக்கிற கிடாரத்தை வித்துப்போட்டு வவுனியாவில மகளிட்டப் போறன் ஐயா. இனி ஏலாது.”

அன்றைக்கு நான்காவது மனுவோடு அந்தத் தாளை இணைத்தேன். என் பிழையையும் எழுதி ஒப்பமிட்டேன். அவளிடம் சொன்னேனா? இல்லை. “இந்த முறை வரும், பிள்ளை” என்று மட்டும் சொன்னேன். அதற்கும் அவள் கைகூப்பினாள்!

பதில் வந்தது. இரண்டே வரிகள். முத்திரையை நீக்கலாம். அலுவலர் இளைப்பாறிவிட்டதால் அவர்மீது நடவடிக்கை தேவையில்லை.

கிடாரம் குறிகட்டுவான் இறங்குதுறையில் கைமாறியது ஐப்பசி எட்டாம் திகதி. அன்று மழை. பஸ் என் வாசலைக் கடக்கையில் அவள் யன்னலால் தலையை நீட்டிக் கத்தினாள்: “பதில் வந்தால் எடுத்து வையுங்கோ ஐயா! உங்கட எழுத்து வீணாப் போகக் கூடாது!”

எடுத்து வைத்திருக்கிறேன். தாளின் மூலையில், விதிப்படி, கிடைத்த நாளையும் குறித்திருக்கிறேன்.

ஐப்பசி ஒன்பது, வியாழக்கிழமை.