கந்தம்மாள் லேப்டாப்பில் தூங்கிய பெரிய இஞ்சின்

மெஸ் நடத்தும் கந்தம்மாளுக்கு நான் நாலாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி. ஐந்தாம் வகுப்போடு நின்றும் ஆப்பிரிக்கா வரை போய் போர்வெல் போட்டவன் நான், இன்று துளை போடும் ரிக் வண்டி மூன்றுக்கு முதலாளி. ஐப்பசி மழையில் வண்டிகள் நின்றபோது என் வண்டியில் வேலை செய்யும் பையன்கள் தின்ற சாப்பாட்டுக் கணக்கு அது.

திருச்செங்கோட்டில் கந்தம்மாளைத் தெரியாத ரிக்காரன் கிடையாது. வயது ஐம்பத்திரண்டு. லாரி டிரைவரைக் கட்டியும், அந்த மனுஷன் கடைசிவரை ஸ்டீரிங்கைத் தொட விடவில்லை. அவர் போன பிறகு சீட்டுப் பணம் எடுத்து, கேம் ஆடுகிற லேப்டாப்பும் அதில் மாட்டும் ஸ்டீரிங்கும் வாங்கினாள். மத்தியானப் பாத்திரம் கவிழ்த்ததும் திரையில் லாரி ஓட்டுவாள்.

மடியில் பணம் இருந்தும் ஒரு வாரம் தவணை கேட்கலாமென்று போனேன். அவள் முகம் சரியில்லை. திரையில் லாரி நொண்டி மாடு மாதிரி நின்று நின்று நகர்ந்தது. வாங்கியதிலிருந்தே இப்படித்தானாம். படம் காட்டவே உள்ளே தனியாக கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, பாதி விலை அதற்குத்தான் என்று சொல்லி விற்றார்களாம். வெறுத்துப்போய்ப் பாதி விலைக்குத் தள்ளிவிட ஆள் பார்த்துவிட்டாள். நாலு மணிக்கு எடுத்துப்போக வருகிறான். அப்போது மணி மூன்றரை.

“நான் ஓட வெச்சுட்டா பாக்கியத் தள்ளிருவியா, அம்மிணி?”

“மொதல்ல ஓடட்டுங்ணா.”

லேப்டாப்புக்கு அடியில் கையை வைத்தேன். தொட்டே இஞ்சின் கோளாறு சொன்ன கை இது. ஒரு பக்கம் இளஞ்சூடு, மறுபக்கம் தயிர்ப்பானை. எனக்குப் பிடிபட்டுவிட்டது. ரிக் வண்டியில் இரண்டு இஞ்சின் உண்டு. வண்டி ஓடச் சின்னது, துளை போடும் கம்ப்ரஸருக்குப் பெரியது. பெரியதை முடுக்காமல் எவனாவது ஆயிரம் அடி போடுவானா?

“உன்ற பெரிய இஞ்சினு தூங்குது. ஆரு அமத்தி வெச்சது?”

யோசித்தாள். குரல் இறங்கிவிட்டது.

“நாந்தானுங்ணா. செட்டிங்ஸ்ல கரண்டு மிச்சம் புடிக்கிற மாதிரி ஒண்ணு இருந்துச்சு. மிச்சத்த வேண்டாம்னு சொல்லுவாங்களா?”

சொல்ல மாட்டாள். காலி மேசைக்கு மேல் ஃபேன் சுற்றினாலே எழுந்து போய் நிறுத்துகிறவள். கிராபிக்ஸ் பக்கத்தைத் திறந்து, லாரி கேமுக்கு நேரே மின்சேமிப்பு என்றிருந்ததை முழு வேகத்துக்கு மாற்றினாள். டீசல் இல்லாமல் கம்ப்ரஸர் ஓடாது, சார்ஜரையும் மாட்டு என்றேன். கேமை மூடித் திறந்தாள்.

லேப்டாப்புக்குள் ஃபேன் ஊளையிட்டது. பக்கத்திலிருந்த அப்பளம் இரண்டு பறந்தன. லாரி கிளம்பியது பாருங்கள், டோல்கேட் கம்பியை உடைத்துக்கொண்டு போனது. கந்தம்மாள் பல் தெரியச் சிரித்தாள். நாலு மணிக்கு வந்தவனுக்குக் காப்பி கொடுத்து, விற்கவில்லை என்று அனுப்பிவைத்தாள்.

“அப்ப என்ற பாக்கி?”

“மாத்திப் போட்டது நானு. நீங்க தொட்டுத்தானுங்ணா பாத்தீங்க.”

கண் திரையை விட்டு அசையவில்லை. காசை இடது கையில் வாங்க மாட்டாள். ஸ்டீரிங்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை விரித்து நீட்டினாள். அடுத்த வளைவு வருவதற்குள் முடிக்க வேண்டுமே என்று, நாலாயிரத்து இருநூறையும் அவசரமாக எண்ணி அந்தக் கையில் வைத்தேன்.