ரெட்டை பேட்டரியும் ரெட்டைத் தையலும்

அந்தத் தெருவில் அவருடைய ஜீப்பைத் தள்ளாதவர் யாருமே கிடையாது. பால் போடுகிறவர் தள்ளியிருக்கிறார். தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுத் தள்ளியிருக்கிறார். வாடகைக்கு வீடு பார்க்க வந்த ஒரு பாவப்பட்ட மனிதர், வீட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஜீப்பைத் தள்ளியிருக்கிறார். அதனால் அவருக்குத் தெருவில் 'தள்ளு மாமா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் மட்டும் இருந்தது, அதை யாரும் படிப்பதில்லை.

தொழில், வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பது. சும்மா சொல்லக் கூடாது, கையில் அப்படியொரு சுத்தம். ரெக்சினை இழுத்துப் பிடித்து அவர் மாட்டிவிட்டால் ஒரு சுருக்கம் இருக்காது. ஆனால் அவரிடம் ஒரு வியாதி இருந்தது. எதைப் பார்த்தாலும் அதற்கு உறை தைத்துவிடுவார். வீட்டில் மிக்சிக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை, குடைக்கு உறை, அந்த உறைக்கு மேலே இன்னொரு உறை. "நான் கொஞ்ச நேரம் அசையாம உட்கார்ந்தா எனக்கும் தச்சிடுவாரு" என்று அவர் மனைவி சொல்வாள்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஜீப்பை அதிகம் தள்ளியவர் யாரென்று பார்த்தால் அவள்தான். கல்யாணமான புதிதில் ஆசையாகத் தள்ளினாள், பிறகு பழக்கத்தில் தள்ளினாள், கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டல்லவா? ஒரு நாள் காலை பள்ளிக்கூட வாசலிலேயே ஜீப் படுத்துக்கொண்டது. டீச்சர் இறங்கித் தள்ள, மொத்தப் பள்ளிக்கூடமும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்தியது. வகுப்புக்குள் போனால் கரும்பலகையில் ஜீப் படம். பின்னால் கொண்டை போட்ட ஒரு உருவம் வேறு.

அன்று சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, முடிவாச் சொல்றேன். இனிமே இந்த வண்டியில ஒரு தடவை யாராவது கை வச்சுத் தள்ற மாதிரி ஆச்சுன்னா, அடுத்த நிமிஷம் அது எங்க அண்ணனுக்கு."

தள்ளு மாமா வாசலுக்குப் போய் ஜீப்பை ஒட்டி நின்றுகொண்டார். காரணம் இருக்கிறது. அவள் அண்ணன் ஊருக்கு வெளியே ரோட்டோரத்தில் ஹோட்டல் வைத்திருந்தார். அவருக்கு இந்த ஜீப்பின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். ஓட்டுவதற்கா? ஐயோ, அதெல்லாம் இல்லை. ஹோட்டல் வாசலில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, உள்ளே மண்ணைக் கொட்டி, பூச்செடி வைத்து, வருகிறவர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள. "ஓடாத வண்டிதான் மாப்பிள்ளை எனக்கு வேணும், உங்களுதுல அந்த விசேஷம் ஏற்கனவே இருக்கு" என்பார். தன் ஜீப்பின் வயிற்றில் ரோஜாச் செடி முளைத்து நிற்பதை நினைத்தாலே தள்ளு மாமாவுக்குச் சோறு இறங்காது.

மறுநாளே பேட்டரிக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இருக்கறது ஒரு பேட்டரி. அதுலயே ஃபேன், அதுலயே பாட்டு, அதுலயே ஐஸ் பெட்டி. அப்புறம் வண்டியை எழுப்பறதுக்கு அது கிட்ட என்ன மிஞ்சும்? ரெண்டு பேட்டரி போடுங்க."

"ரெண்டு போட்டா?"

"முன்னால இருக்கறது வண்டியை எழுப்ப மட்டும். அது மேல கை வைக்கவே கூடாது. பின்னால ஒண்ணு வைப்போம், ஃபேனு, ஐஸ் பெட்டி எல்லாம் அதோட சேர்ந்தது. நடுவுல இந்தச் சின்னப் பெட்டி. வண்டி ஓடறப்ப ரெண்டுக்கும் சார்ஜ் விடும். வண்டியை நிறுத்தினா ரெண்டையும் பிரிச்சிடும். பின்னால இருக்கறது தீர்ந்தாலும் முன்னால இருக்கறது தீராது."

"ஒரே வீடு, ரெண்டு அடுப்புன்னு சொல்லுங்க."

"அதேதான். ஆனா பிளஸ்ஸும் மைனஸும் மாறக் கூடாது. மாறினா மொத்தமும் புகைஞ்சிடும்."

கடைக்காரர் அந்தச் சின்னப் பெட்டியை என்ஜினுக்குப் பக்கத்தில் மாட்டி, பிளஸ் வயரைச் செருக வேண்டிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு பொட்டும் வைத்துக் கொடுத்தார். மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தள்ளு மாமா வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். எழுப்புவதற்குக் கடைக்காரர்தான் தள்ளினார். அது வேறு கதை, அதை டீச்சரிடம் யாரும் சொல்லவில்லை.

வேலையை நம் ஆள் தன் பாணியில் செய்தார். புது பேட்டரி பின் சீட்டுக்குப் பின்னால் கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்தது. சீட்டெல்லாம் மெரூன். கண்ணுக்குப் பொருந்துமா? மெரூன் ரெக்சினில், உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, ஓரத்தில் வெள்ளை நாடாவை உருட்டிப் பைப்பிங் கொடுத்து பேட்டரிக்கு ஒரு உறை தைத்தார். பேட்டரியின் தலையில் கூட்டல், கழித்தல் குறிகள் துருத்திக்கொண்டு நின்றன. அதன் மேல் துணி வழுவழுவென்று உட்காராதே! உப்புத்தாளை எடுத்து இரண்டையும் தேய்த்தே எடுத்துவிட்டார். அவ்வளவு முட்டாள் இல்லை, கூட்டல் இருந்த இடத்தில் தையல் சாக்பீஸால் ஒரு அடையாளம் போட்டுக்கொண்டார்.

பிறகு வயர். சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று வாங்க வேண்டும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "எப்படியும் உறைக்குள்ள போகப்போகுது, எந்தக் கலரா இருந்தா என்ன?" என்று இரண்டையும் கறுப்பிலேயே வாங்கி வந்து, இரண்டுக்கும் மெரூனில் நீளமாகக் குழாய் தைத்து மாட்டினார். ஃபேன் வயருக்கும் மெரூன். ஐஸ் பெட்டி வயருக்கும் மெரூன். முன்னால் ஸ்விட்ச் பலகைக்குப் போகிற அத்தனை வயருக்கும் அதே மெரூன். எல்லாவற்றையும் பசை போட்டுத் தரையோடு ஒட்டி, மேலே கார்ப்பெட் விரித்துவிட்டு எட்டி நின்று பார்த்தார். அடேயப்பா! ஒரு கல்யாணப் பெண்ணை அலங்கரித்து உட்கார வைத்த பெருமை அவர் முகத்தில்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் மலை ஏரிக்குப் போவதென்று முடிவானது. பரீட்சையும் அதுதான். மச்சானும் கூடவே வந்தார். கூப்பிடாமலே வந்தார். வரும்போது செடி வைக்கிற இடத்தை அளக்க ஒரு டேப்பும் கொண்டுவந்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போகிற வழியில் ஒரு குறையும் இல்லை. கல்லும் பள்ளமுமான பாதையில் ஜீப் ஆடி அசைந்து ஏறியது. ஃபேன் டீச்சரின் முகத்துக்கு நேராகச் சுழன்றது. ஏரிக்கரை மரத்தடியில் நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடியது, பாட்டு ஓடியது, ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சில்லென்று வந்தது. வெயில் என்றால் டீச்சருக்குத் தலைவலி வந்துவிடும். அன்று வரவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, "பரவாயில்லையே, மனுஷி உட்கார்ற மாதிரி ஆக்கிட்டீங்களே" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில் தள்ளு மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மச்சான் டேப்பைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டார்.

வெயில் இறங்கியதும் கிளம்பினார்கள். தள்ளு மாமா சாவியைத் திருப்பினார்.

டிக்.

மறுபடி திருப்பினார். அந்த டிக்கும் வரவில்லை.

ஸ்விட்ச் பலகையைக் கழற்றிப் பார்த்தபோதுதான் நடந்தது புரிந்தது. எல்லா வயரும் ஒரே மெரூன் சட்டை போட்டிருந்ததால், ஸ்விட்ச் பலகையில் ஃபேனையும் ஐஸ் பெட்டியையும் மாற்றி முன் பேட்டரியோடு சேர்த்துவிட்டார் மனிதர். பகல் முழுக்க இவர்கள் குடித்த ஜில் தண்ணீரெல்லாம் வண்டியை எழுப்ப வேண்டிய பேட்டரியின் உயிர். நடுவிலிருந்த சின்னப் பெட்டியோ தன் கடமையைக் கண்ணும் கருத்துமாகச் செய்து, பின் பேட்டரியில் ஒரு சொட்டுகூடக் குறையாமல் காத்து வைத்திருந்தது.

மச்சானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! துள்ளி இறங்கிச் சட்டைக் கையை மடித்தார்.

"தள்ளிடலாமா மாப்பிள்ளை? சரிவுதான், ஒரே தள்ளுல எழுந்துக்கும்."

"மச்சான், ஒரு நிமிஷம் பொறுங்க. பின் பேட்டரி முழுசா இருக்கு. அதைக் கழட்டி முன்னால வச்சா வண்டி எழுந்துடும்."

வைத்துவிடலாம்தான். ஆனால் எந்த முனை பிளஸ்? தையல் பிரிக்கிற கத்தியால் தன் உறையைத் தானே கிழித்தார். வெள்ளைப் பைப்பிங் அறுந்தபோது அவருக்கு நெஞ்சே அறுந்தது. உள்ளே பார்த்தால், சாக்பீஸ் அடையாளத்தை ஸ்பாஞ்ச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. பேட்டரியின் தலை மொட்டையாக மின்னியது. வயர் உறையின் நுனியைக் கிழித்தார். இதுவும் கறுப்பு, அதுவும் கறுப்பு. கடைக்காரரைக் கேட்கலாமென்றால் போனில் சிக்னல் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

"பிளஸ், மைனஸ் போட்டிருப்பாங்களே, எங்க?"

"தேய்ச்சிட்டேன்."

"எதுக்கு?"

"சுருக்கம் விழும்னு."

"கணக்கு டீச்சரைக் கட்டிக்கிட்டு, கூட்டலையும் கழித்தலையும் தேய்ச்சு எடுத்தீங்களா? உங்களை என்ன செஞ்சாத் தகும்?"

இதற்குள் மச்சான் ஜீப்பின் பின்பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். கையை வைக்க வேண்டியதுதான் பாக்கி. சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "தங்கச்சி, நான் எல்லாம் யோசிச்சாச்சு. முன்னாடி ரோஜா, பின்னாடி கொடி. இந்த சீட்டையெல்லாம் பிச்சு எறிஞ்சிட்டா நிறைய மண்ணு கொள்ளும்."

"எதைப் பிச்சு எறியறது?" என்றாள் டீச்சர்.

"சீட்டைத்தான். பழைய ரெக்சின்தானே?"

டீச்சர் திரும்பினாள். தரையில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். கிழிந்த உறையை மடியில் வைத்து, அறுந்த பைப்பிங்கை விரலால் நீவி நீவி ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கோபம் அண்ணன் பக்கம் திரும்பியது.

"அண்ணா, வண்டியிலேர்ந்து கையை எடு."

"நான் இன்னும் வைக்கவே இல்லையே!"

"வைக்காத. யாரும் தள்ளப் போறதில்ல." கணவரிடம் திரும்பினாள். "ஏங்க, எழுந்திருங்க. ஒரே மாதிரி ரெண்டு பொருள் தச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்? தைப்பேன்."

"முதல்ல தைக்கறதுக்கு ரெட்டைத் தையல் போடுவீங்க. ரெண்டாவதுக்குள்ள சலிச்சுப் போய் ஒத்தைத் தையலோட விட்டுடுவீங்க. நம்ம வீட்டுத் தலகாணி எல்லாம் அப்படித்தான். உங்க தலகாணியிலேர்ந்து பஞ்சு கொட்டி நான்தானே பெருக்கறேன்?"

தள்ளு மாமாவுக்குப் பொறி தட்டியது. முன்னால் ஓடினார். சின்னப் பெட்டியில் சிவப்புப் பொட்டு வைத்த இடத்துக்குள் போகிற வயரின் உறையைத் தடவிப் பார்த்தார். ரெட்டைத் தையல்! பின்னால் ஓடினார். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் வருகிற உறைகளை டீச்சர் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது ஒத்தை. இது ரெட்டை. இதுதான் பிளஸ்."

"நிச்சயமாவா?"

"உங்க சோம்பேறித்தனத்தை நான் நம்பாம யார் நம்புவா? கழட்டுங்க."

கழற்றினார். பேட்டரியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்து முன்னால் வைத்து மாட்டினார்.  புகைந்தால் ரோஜாச் செடிதான். கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். ஜீப் ஒரு உறுமு உறுமிக் குலுங்கி எழுந்தது. மரத்திலிருந்த பறவைகள் அலறிப் பறந்தன. வண்டி தானாக எழுந்த அதிர்ச்சியில் மச்சானும் ரெண்டடி பின்னால் போனார்.

"ஏறுண்ணா. இல்ல, மண்ணு கொட்ட இடம் பார்த்துட்டு நடந்து வர்றியா?" என்றாள் தங்கை. மச்சான் மறுபேச்சில்லாமல் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

 பாதி மலை இறங்கும்வரை டீச்சர் தன் சீட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு குனிந்து அவர் சீட்டின் ஓரத்தைத் தடவினாள்.

"உங்க சீட்டு ஒத்தைத் தையல்."

"ம். அதுக்குள்ள கை ஓய்ஞ்சு போச்சு."

"என்னுது ரெட்டை."

தள்ளு மாமா பாதையையே உற்றுப் பார்த்து வண்டியை ஓட்டினார். காது மட்டும் மெரூன் நிறத்துக்கு வந்திருந்தது.

"வீட்டுக்குப் போனதும் தைக்க என்னையும் கூப்பிடுங்க. உங்க சீட்டுக்கு ரெண்டாவது தையல் நான் போடறேன்" என்றாள் டீச்சர்.